சித்திரை வெயிலில் ஒரு வேன் காற்று

ஆட்களைப் படகில் கூட்டிப்போய்க் கடலுக்குள் முங்கவைக்கிற டைவிங் கடையில் எனக்கு என்ன வேலை என்று சொன்னால் உழவர்கரையில் எங்கள் தெருவே சிரிக்கும். "காத்த ஏத்திட்டுப் போறதுக்கு ஒரு வண்டி, அதுக்கு ஒரு டிரைவரா?" என்பார்கள். வேலை அதுதான். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் கம்ப்ரசர் இருக்கிறது. கடலுக்கடியில் மூச்சுவிடுவதற்கான சிலிண்டர்களில் அங்கே காற்று நிரப்பி, வேனில் ஏற்றி, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிற்கும் எங்கள் படகில் சேர்க்க வேண்டும்.

உள்ளே இருப்பது சாதாரணக் காற்றுதான். ஆனால் லாரி டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும். சூடு ஏறினால் அழுத்தமும் ஏறும். அதனால் விடிகிற நேரத்திலேயே ஏற்றிவிடுவேன். நிற்கவைத்துக் கொண்டுபோகமாட்டேன், விழுந்து வால்வு உடைந்தால் ராக்கெட் மாதிரி கிளம்பிவிடும். படுக்கவைத்து, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, பெல்ட் போட்டு இறுக்குவேன்.

சித்திரையில் ஒரு நாள், போன படகு பாதியிலேயே திரும்பிவிட்டது. கடல்காற்று மாறி, முங்க வந்தவர்களெல்லாம் வாந்தி. நிரப்பிய சிலிண்டர்கள் தொடாமல் அப்படியே வந்தன, மேல்தளத்தில் வெயில் குடித்தபடி. கடைக்கார மேடத்துக்கு போன் போட்டேன்.

"தண்ணி ஊத்தி ஆறவெச்சு ஷெட்டுக்குக் கொண்டாந்துடு. ஹார்பர்ல நெழல் கெடையாது," என்றார்.

ஆறவைத்து ஏற்றி, மேலே சாக்குப் போட்டு மூடினேன். மீன் வாங்க வந்திருந்த அப்பாவும் பையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அப்பா மில்லில் தறி ஓட்டியவர். அந்தச் சத்தத்திலேயே காது போய்விட்டது. தோளைத் தட்டிவிட்டுக் கத்தினால்தான் திரும்புவார். ஆனால் தன் காதுக்கு ஒன்றுமில்லை, நாங்கள்தான் முணுமுணுக்கிறோம் என்பது அவர் கட்சி.

வழியில் ஏதோ கட்சி ஊர்வலம். முன்னாலும் பின்னாலும் வண்டிகள், நகர வழியில்லை. மரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டேன். பின்னால் கை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். சிலிண்டர் மறுபடி சுட்டது. வண்டியைத் திருப்ப வழி கேட்கலாம் என்று இறங்கி, முனையில் நின்ற போலீஸ்காரரிடம் போனேன்.

பேச வாயெடுத்தேன். பின்னால் 'டப்' என்றது. அடுத்த கணம் காதைக் கிழிக்கிற சீறல்.

"கேஸு! கேஸு!" என்று யாரோ அலற, ஜனங்கள் டூவீலர்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் வண்டியை நோக்கி ஓடினேன். ஜன்னல் வழியாகத் தூசியும் சாக்குத் துணியும் பறந்துகொண்டிருந்தன. கதவைத் திறந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

நிதானமாகத் திரும்பினார். "இன்னா பாப்பா, கூப்ட்டியா?"

மீன் பையை விடாமல் இறங்கி வந்தார். கொஞ்ச நேரத்தில் சீறல் அடங்கியது. ஒவ்வொரு வால்விலும் மெல்லிய செப்பு வில்லை ஒன்று உண்டு. அழுத்தம் எல்லை மீறினால் அது முதலில் கிழிந்து காற்றை வெளியே விட்டுவிடும், சிலிண்டர் வெடிக்காது. எனக்கு அது தெரியும். இருந்தும் அப்பாவைப் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

போலீஸ்காரர் தள்ளியே நின்று கேட்டார்: "இன்னாம்மா ஏத்திட்டு வர்ற?"

"காத்து சார். வெறும் காத்து."

"காத்துக்கா இந்தச் சத்தம்?"

கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். சிலிண்டர் கட்டைகளுக்கு நடுவே அசையாமல் கிடந்தது. வால்வின்மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "ஐஸா இருக்கே! சரி, மத்ததும் இப்படிப் போவுமா?"

"தெரியல சார். தண்ணி வேணும், நெழலு வேணும்."

உடனே அவர் விசில் ஊதி ஊர்வலத்தை நிறுத்தினார். பக்கத்துக் கல்யாண மண்டபத்துக் காவலாளி கேட்டைத் திறந்து, வேனைப் பந்தலுக்குள் விடச் சொன்னார். ஜூஸ் கடைக்காரர் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்தார். ஈரச் சாக்குகளைப் போர்த்தி, ஒவ்வொரு வால்வாக மெல்லத் திறந்து பாதிக் காற்றை வெளியே விட்டேன். ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். கொடி பிடித்து வியர்த்திருந்தவர்கள் அந்தக் காற்றில் வந்து முகத்தைக் காட்டினார்கள்.

"ஏசி கணக்கா இருக்குதுக்கா. இன்னும் கொஞ்சம் தொறங்க."

நான் போன் போட்டதும் அடித்துப் பிடித்து வந்த மேடம், முதலில் அப்பாவுக்கு அடி ஏதும் பட்டதா என்றுதான் மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் கிழிந்த வில்லையைக் கழற்றினார். ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு.

"வெயில் மட்டும் இல்ல, உப்பும் அரிச்சிருக்கு. எப்பவோ மாத்தியிருக்கணும். எம்மேலதான் தப்பு," என்றார்.

அந்த வாரமே எல்லா வில்லைகளையும் மாற்றினார். படகில் சிலிண்டருக்கென்று தார்ப்பாய் நிழல் வந்தது. மிஞ்சி வருவதைப் படகிலேயே பாதி காலி செய்துவிட்டுத்தான் இப்போது வேனில் ஏற்றுகிறோம்.

வேனில் குண்டு வெடித்துவிட்டதாக எங்களுக்கு முன்பே தெருவுக்குச் சேதி வந்திருந்தது. வாசலிலேயே நின்றிருந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா அப்பாவின் தோளைத் தட்டிக் கத்தினார். "ஊரே ஓடிச்சாம். உனக்கு ஒண்ணும் கேக்கலியா?"

அப்பா மீன் பையைக் கீழே வைத்தார். பிறகு என்னிடம், "நெஜமாவே அவ்ளோ சத்தமா பாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுவாரம் காது டாக்டரிடம் தானாகவே கிளம்பினார். மிஷின் பொருத்திக்கொண்டு வந்த அன்று, வீட்டில் எல்லோரும் ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று சண்டை. அம்மாவுக்கு மெதுவாகப் பேசுவது இன்னும் பழகவில்லை.