கட்டுச்சோற்று எஞ்சின்

ஃபயர்மேன் முத்திருளன் கருப்புக் கோயிலில் சூடம் அணைத்து, "எனக்கு மாமன் மகள் வேண்டாம்" என்று சத்தியம் செய்துவிட்டான் என்பது மதுரை எஞ்சின் ஷெட்டில் மூன்று நாளாக ஓடிய பேச்சு. நாலாம் நாள் அவனுக்குச் சென்னையில் வேறு குடித்தனம் இருப்பதாகவும் சேர்ந்துகொண்டது. விசாரித்தால், சூடம் அணைத்தது உண்மை, சத்தியம் செய்தது உண்மை. ஆனால் சத்தியம் பெண்ணைப் பற்றியல்ல, ஓர் எஞ்சினைப் பற்றி.

முத்திருளன் ஆறு வருஷமாக எஞ்சின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். ஆனையூரில் இருக்கும் தாய்மாமன் காளையின் மகள் பாண்டியம்மாள் அவனுக்குத்தான் என்று, அவள் பிறந்த அன்றே பேச்சு. பேசியவர்களில் பாதிப் பேர் செத்துப் போனார்கள். உயிரோடிருந்த காளைக்கோ ஞாபகம் குறைய ஆரம்பித்திருந்தது. மேலூரில் சொந்தமாக பஸ் ஓட்டும் குடும்பம் ஒன்று பெண் கேட்டுவிட்டுப் போன நாள் முதலாக.

அது முப்பத்திரண்டாம் வருஷம்.

"மாப்ள, மெட்ராஸ்ல கரண்டு ரயில் ஓடுதாம்ல? கரியே வேண்டாமாம்ல? அப்ப நீ என்னத்த அள்ளுவ?"

"அது கம்பியத் தொட்டு ஓடுற எஞ்சின் மாமா. தாம்பரத்தோட கம்பி முடிஞ்சிருச்சு. நம்ம பக்கம் எங்க வரும்?"

"கண்ணால பாத்தியா?" என்றார் காளை.

பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லத் தெரியாதது அவனிடமிருந்த பெரிய குறை. லீவு போட்டு, பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினான்.

அங்கே அழகுமலை இருந்தான். முன்பு மதுரையில் கூடக் கரி அள்ளியவன், இப்போது கரண்டு எஞ்சினில் வேலை. அவன் உள்ளங்கையைப் பார்த்தால் வக்கீல் குமாஸ்தாவின் கை மாதிரி இருந்தது. எஞ்சினுக்கு அடுப்பு இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை.

"கம்பி முடிஞ்சா நின்னுரும்ல?" என்று முத்திருளன் ஆசையோடு கேட்டான்.

"எங்க நிக்கும்? பின்னால பாரு." பின்னால் ஒரு வண்டி, உள்ளே அடுக்கடுக்காக பாட்டரி. "கம்பி இருக்கிற வரைக்கும் மேல இருந்து திம்பான். கம்பி இல்லாத எடத்துக்கு இது கட்டுச்சோறு. ரெண்டு சாப்பாடுடா இவனுக்கு!"

பெருமை தாங்காமல் அழகுமலை, எஞ்சின் தலைமேலிருந்து கம்பியைத் தொடும் இரும்புக் கையை மடக்கிவிட்டு, கம்பியே இல்லாத தண்டவாளத்தில் எஞ்சினை விட்டு நாலு சரக்கு வண்டிகளை இழுத்துக் காட்டினான். புகை இல்லை, சத்தமில்லை. முத்திருளன் அண்ணாந்து கம்பியைத் தேடிப் பார்த்தான்.

"எம்புட்டுத் தூரம் போகும்?"

"யார்டுக்குள்ளதான். ரெண்டு மூணு மைல் போறதுக்குள்ள பசி வந்துரும். மதுரைக்கா வரப்போகுது, போடா!"

போன உயிர் திரும்பியது. அதோடு வாயையும் மூடிக்கொண்டிருக்கலாம். அவ்வளவு தூரம் போய் அதிசயத்தைப் பார்த்து வந்தவனால் முடியுமா? ஷெட்டில் முழுசாகத்தான் சொன்னான். ஆனையூர் போய்ச் சேரும்போது அதில் 'கம்பி இல்லாம ஓடுது' என்ற பாதிதான் மிச்சமிருந்தது. காளை உடனே ஊர்க் கருப்புக் கோயிலுக்கு அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

நாலு பெரிய மனுஷர் ஒரு பக்கம், பெண்டுகள் ஒரு பக்கம். காளை சூடத்தை ஏற்றினார்.

"வளவளன்னு பேசாத மாப்ள. கருப்பு முன்னால ஒத்த வார்த்த. அந்த எஞ்சின் கம்பி இல்லாம ஓடுமா, ஓடாதா?"

"அது வந்து மாமா..."

"சூடம் எரியுது."

"கொஞ்ச தூரம்..."

"ஓடுமா, ஓடாதா?"

ஓடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் பாண்டியம்மாள் அவனுக்கு. ஆனால் கருப்பு பார்த்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அந்தப் பாழாய்ப்போன எஞ்சின் நாலு வண்டியை இழுத்துக்கொண்டு அவன் கண்ணுக்குள்ளேயே போய்வந்துகொண்டிருந்தது.

"ஓடும்" என்று சொல்லி, உள்ளங்கையால் சூடத்தை அணைத்தான்.

"எம்புட்டுத் தூரம்னு கேளுங்களேன்!" என்று பெண்டுகள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பாண்டியம்மாள். அந்தக் கூட்டத்தில் எஞ்சினைப் பற்றி உருப்படியாகக் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"பொட்டப்புள்ளைக்கு இங்க என்ன பேச்சு?" என்றார் காளை. சூடம் அணைந்தபின் வழக்குப் பேசினால் சாமிக் குத்தம். முத்திருளன் வாயைத் திறந்தான். பக்கத்திலிருந்த பெரியவர் மலையாண்டி அவன் தோளை அழுத்தி, "விடப்பா, முடிஞ்சு போச்சு" என்றார்.

முறைப்பெண்ணை வெளியே கொடுப்பதென்றால் முறைக்காரனுக்கு வேட்டி, துண்டு வைத்துச் சம்மதம் கேட்க வேண்டும். காளை முறை தவறாதவர். மேலூர்க்காரனோடு நடக்க இருந்த கல்யாணத்துக்கு முந்தின நாள் தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை பாக்கு இருந்தது, வேட்டி இருந்தது.

"துண்டு நல்ல கரைபோட்டதா வரட்டும்னு கடைக்காரன் சொன்னான் மாப்ள. அடுத்த வாரம் வாரப்பக் கொண்டாரேன்."

முத்திருளன் தலையாட்டினான். வேறென்ன செய்வான்?

வருஷம் பதினைந்து ஆகிறது. மதுரைக்குக் கம்பியும் வரவில்லை, கட்டுச்சோறும் வரவில்லை. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் மேலூர் பஸ்ஸுக்கே கரியடுப்பைப் பூட்டினார்கள். பாண்டியம்மாள் புருஷன் வேர்க்க வேர்க்கக் கரி போட்டதைப் பார்த்தவர்கள் உண்டு. முத்திருளன் இப்போது டிரைவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சந்தைக்கு வரும் காளை எதிர்ப்பட்டால் முந்திக்கொண்டு, "அந்தத் துண்டு ஞாபகத்துல இருக்கு மாப்ள" என்பார்.

"கேட்டு வாங்கேன் அண்ணே" என்று ஷெட்டில் சொல்லிப் பார்த்தார்கள்.

"வாங்கிட்டா சம்மதம்னு ஆயிரும்ல" என்றான்.