முருங்கையிலைப் பையோடு நடந்த அக்கா

இந்த நினைவு மலரின் அட்டையில் உள்ள படத்தைப் பார்த்து, "பழைய படம் கிடைக்கவில்லையா?" என்று சிலர் கேட்டுவிட்டீர்கள். கிடைத்தது. உடம்பாக இருந்த காலத்துப் படம்தான் வேண்டாம் என்று விட்டோம். நிறத்தை வெளுப்பாக்கவும் ஸ்டூடியோக்காரரை விடவில்லை. இது அக்கா தானே தேடிக்கொண்ட உருவம்.

அக்கா செட்டிபாளையத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த எங்கள் வளவில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நல்ல கறுப்பு, நல்ல பருமன். பெண் பார்க்க வந்தவர்கள், "கறுப்பெண்டாலும் உடம்பான புள்ள" என்று சொல்லித்தான் சம்மதித்தார்கள். அக்கா இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக்காட்டுவார். எனக்கோ இன்றைக்கும் கோபம் வரும்.

எங்கள் பக்கத்தில் உடம்பு என்றால் மதிப்பு. சண்டைக் காலத்தில் ஒரு பெண் மெலிந்தால், நோய் வருத்தமோ பட்டினியோ என்று ஊர் கேட்கும். அதனால் அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு முற்றியபோதும் அவருடைய பருமனைக் கண்டு யாரும் கவலைப்படவில்லை. புண் ஆறாமல் ஒரு காலை எடுத்தார்கள். அடுத்த வருடமே அம்மா போய்விட்டார். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட வந்த மாமி, துணித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அக்கா அதைப் பார்த்தபடி நின்றார்.

சில மாதங்களில் அக்காவுக்கும் அதே வருத்தம் என்று டொக்டர் சொன்னார். உடம்பைக் குறைக்க வேண்டும், நாளும் நடக்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னிடம் சொன்னார்:

"எனக்கு ரெண்டு விரலையும் சேத்துத்தான் கட்டோணும், தங்கச்சி."

மறுநாள் காலையில் தெருவில் இறங்கினார். எங்கே போவதென்று காவலரணில் ஆமிக்காரர் கேட்டபோது உள்ளதைச் சொல்லிவிட்டார்: "ஒரு இடமும் இல்ல. சும்மா நடக்கிறன்." அந்தக் காலத்தில் சும்மா நடப்பவரை யார் நம்புவார்கள்? மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருத்திவைத்தார்கள். ஊர் அலுவலரான விதானையார் வந்து பொறுப்புச் சொன்ன பிறகே விட்டார்கள். அத்தான் நடுங்கிப்போனார். "இனி வாசலத் தாண்டாத" என்றார்.

அக்கா தாண்டினார். அடுத்த நாள் கையில் ஒரு பை, அதற்குள் ஒரு பிடி முருங்கையிலை. தெருத் தொங்கலில், கடைசி வீட்டில் இருந்த அதே மாமிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். மாமி அதை வாங்கிக்கொண்டு, திரும்பி வரும்போது கொண்டுவர வல்லாரை கொடுத்துவிடுவார். இப்படியே வருடக்கணக்கில் நடந்தது.

"ஒவ்வொரு நாளும் கீரையா, அம்மா?" என்று ஒரு ஆமிக்காரர் கொச்சைத் தமிழில் கேட்டாராம்.

"ஒவ்வொரு நாளும் பசிக்குதே, மகன்!"

காவலரணைச் சமாளித்தவருக்கு ஊரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. "என்னகா இப்பிடி மெலிஞ்சிற்றாய்? அவர் சோறு போடுறதில்லையா?" என்று கிணற்றடியிலும் கோயிலிலும் கேட்டார்கள். அத்தானுக்கு மானமே போனது போலிருந்தது. கொஞ்சம் கூடச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினார். "நான் மெலியிறது உங்களுக்குப் பாரமா இருக்கோ?" என்று கேட்டுவிட்டு அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிறகு அத்தானே விடியற்காலையில் முருங்கையிலை ஒடித்துவைக்கத் தொடங்கினார். இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோதும் அக்கா நடந்தார். அங்கே பை தேவைப்படவில்லை. கூட நடக்கப் பெண்கள் சேர்ந்தார்கள்.

சண்டை ஓய்ந்து பல காலம் கழித்து, இந்த வருடம் நெஞ்சுவலி வந்து அக்காவைப் படுக்கையில் தள்ளியது. ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்த டொக்டருக்கும் தாதிமாருக்கும், செத்தவீட்டில் எங்களோடு நின்று பாடுபட்ட அயலவர்களுக்கும், அன்று பொறுப்புச் சொன்ன விதானையாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. வல்லாரை தந்த மாமி இன்று இல்லை. அவருடைய பிள்ளைகள் இந்த நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மாமி இல்லாததால் விரல் கட்டும் துணித்துண்டை என்னிடம் தந்தார்கள். வெயிலில் கறுத்து, பித்தவெடிப்போடு இருந்தன அக்காவின் இரண்டு பாதங்களும். அன்று முழுக்க அழுத நான் அந்த நேரத்தில் மட்டும் அழவில்லை. இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன்.