உள்ளே விழுந்த அருவி

எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் இருப்போம். எல்லோரும் பெண்டு பிள்ளை உள்ளவர்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரு தென்னந்தோப்புக்குள் ஓட்டுச் சாய்ப்பு ஒன்று உண்டு. சாயங்காலம் அங்கே கூடித் திருநீறு பூசிக்கொண்டு கண்ணை மூடி உட்காருவோம். எழுந்ததும் சுக்குக் காப்பி. காப்பிக்கு மேல் பேச்சு. அந்தப் பேச்சில் அடிக்கடி வந்து, ஒருநாளும் முடிவுக்கு வராத விஷயம், பிள்ளைகளை எந்த வயதில் தியானத்துக்கு உட்கார வைக்கலாம் என்பது.

பால்பல் விழுந்த பிறகு என்பார் ஒருவர். தீட்சை வாங்கிய பிறகுதான், அதற்கு முன்னால் ஆகாது என்பார் இன்னொருவர். "பெரிய ஆளுக்கே இங்கன கொறட்டை வருது, சின்னப் பிள்ளையள உக்கார வச்சு என்ன செய்ய?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு, பலசரக்குக் கடை. கண்ணை மூடினால் துவரம்பருப்பு மூட்டையை எலி கடிக்கிற சத்தம்தான் கேட்கும்.

மனம் ஒடுங்கினவர்களுக்கு உள்ளே ஓசை கேட்கும் என்று பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சிலருக்குச் சங்கு, சிலருக்குக் கடல், சிலருக்கு மணி. எங்களில் அது வாய்த்தவர் அண்ணாச்சி ஒருவர்தான். இலஞ்சியில் வயல் வைத்திருந்தவர், கூட்டத்துக்கு மூத்தவர். அவருக்கு மணி கேட்கும். பெருமையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது கேட்டால் "ஆமா, கேக்கு" என்பார், அவ்வளவுதான். அந்த மணிக்காகத்தான் நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தோம்.

உலக யுத்தம் நடந்த சண்டைக்காலத்தில் ஒரு ஆடி மாதம், என் வீட்டுக்காரி தன் தங்கையின் பிரசவத்துக்கென்று கடையம் போனாள். கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு மூத்தவளை என்னிடம் விட்டுப் போனாள். ஆறு வயதுப் பெண். வெள்ளிக்கிழமை வந்தது. அவளை எங்கே விடுவது? தோப்புக்குக் கூட்டிப் போய், "சத்தம் போடாம உக்காரணும், என்ன?" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

உட்கார்ந்தாள். ஓட்டின்மேல் சாரல் தட்டிக்கொண்டிருந்தது. நான் இடையிடையே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அசையவில்லை. நாங்கள் எழுந்த பிறகும் அவள் எழவில்லை.

"ஏட்டி, எந்திரி" என்றேன். அப்படியே இருந்தாள். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அந்த நேரம் பார்த்துக் காப்பிச் செம்பு ஒருவர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினோம். அவள் இமைகூட ஆடவில்லை.

நான் தோளைத் தொடப் போனேன். "தொடாதேயும்வே" என்று அண்ணாச்சி தடுத்தார். அவளுக்கு எதிரில் மெதுவாக உட்கார்ந்தார். அவர் நிழல் தன் முகத்தில் விழவும் அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்ன தாயி, உள்ள என்னமும் கேட்டுச்சா?"

அவள் அவர் வாயையே பார்த்தாள். அவர் மறுபடி கேட்டார்.

"அருவி" என்றாள்.

"எந்த அருவி?"

"உள்ள விழுது. அப்பப்ப மணியும் அடிக்கு." பிறகு எங்களைச் சுற்றிப் பார்த்து, "எல்லாருக்கும் கேக்கும்லா?" என்றாள்.

 அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாம வயசப் பேசிக்கிட்டுக் கெடந்தோம், பாத்தீரா?" என்றார். பால்பல் கட்சிக்காரர் குனிந்து, "வாயத் தொறம்மா" என்று அவள் பல்லைப் பார்த்தார். எல்லாம் பால்பல்தான். அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷம் உட்கார்ந்த எனக்கு ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை, இவளுக்கு அருவியே விழுகிறது. சந்தோஷப்பட்டேன். பயமாகவும் இருந்தது. கொஞ்சம் பொறாமைகூட இருந்ததோ என்னவோ.

இரண்டு நாளில் தெரு முழுக்கப் பேச்சு. பட்டாளத்துக்கு மகனை அனுப்பிய ஒரு ஆச்சி கடைக்கு வந்து, இவள் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்து, "எம் பிள்ள எப்பம்மா வருவான்?" என்று கேட்டாள். இவள் ஆச்சியின் வாயைப் பார்த்தாள். பிறகு பழத்தை உரித்துத் தின்றாள். "திங்கா, நல்ல சகுனம்" என்று ஆச்சி கும்பிட்டுவிட்டுப் போனாள்.  ஒருவன் உயிரோடு வருவதும் வராததும் என் மகள் பழம் தின்பதிலா இருக்கிறது?

வீட்டுக்காரி திரும்பி வந்தாள். நான் சொன்னதையெல்லாம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.  சற்று நேரம் கழித்து அடுப்படியிலிருந்து மகளைக் கூப்பிட்டாள். மூன்றாம் தடவைதான் அவள் திரும்பினாள், அதுவும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு. வீட்டுக்காரி உடனே உள்ளே போய் மகளின் தலையணையை எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

மோந்தேன். "எண்ணெய்ச் சிக்கு" என்றேன்.

"எண்ணெய்க்கும் சீழுக்கும் வித்தியாசம் தெரியாமலா கடை வச்சுருக்கிய? ஆனியில அருவியில குளிச்சதுலருந்து காதத் தடவிக்கிட்டே இருந்தா. சரியாப் போச்சுன்னு நெனச்சு நானும் ஊருக்குப் போயிட்டேன்."

"அண்ணாச்சியே பாத்துச் சொன்னாரு..."

"அண்ணாச்சி தலகாணிய மோந்து பாத்தாரா? சாமி வந்தா தலகாணி நனையுமாக்கும்!"

 ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. மறுநாள் காலையில் இலஞ்சிக்குப் போனேன். நடவு நடந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி வரப்பில் நின்றார். தலையணை விஷயத்தைச் சொன்னேன். காலடியில் கிடந்த நாற்று முடி ஒன்றை எடுத்து வயலுக்குள் வீசினார்.

"ரெண்டும் இருக்கலாம்லாவே. காதுல சீழும் இருக்கலாம், உள்ள ஓசையும் இருக்கலாம்."

"மருந்து விட்டா ஓசை போயிருமா அண்ணாச்சி?"

"போனா திரும்பி வருமான்னு எனக்குத் தெரியாது." கொஞ்சம் பொறுத்து, "காது போனாலும் திரும்பி வராதே" என்றார்.

என்ன செய்யச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் விளங்கியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. வீட்டுக்கு வந்தால் வாசலில் வண்டி பூட்டி நின்றது. வீட்டுக்காரி மகளை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். "வாரியளா, இல்ல நாங்க மட்டும் போகவா?" என்றாள். நானும் ஏறினேன். வழியெல்லாம் தென்காசிக் கோயில் இருந்த திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டே போனேன். காது நன்றாகட்டும் என்று வேண்டினேன். அருவியும் இருக்கட்டும் என்று வேண்டினேன். இரண்டையும் சேர்த்துக் கேட்பது தப்பா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் வெளியூர்க்காரர். விளக்கைக் காட்டிக் காதுக்குள் பார்த்தார். "இரைச்சல் எத்தனை நாளா இருக்கு?" என்றார்.

"அது இரைச்சல் இல்லீங்க" என்றேன்.

"பின்னே?"

வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இரைச்சல்தாங்க. ஆனி மாசத்துலருந்து" என்றாள்.

"ரெண்டு காதும் கெட்டுப் போயிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கூப்பிட்டு என்ன, கொட்டு அடிச்சாலும் கேட்டிருக்காது" என்றார் டாக்டர். நுரைக்கிற மருந்து ஒன்றைக் காதில் விட்டார். வெந்நீரைப் பீச்சிக் கழுவிப் பஞ்சு வைத்தார். அவள் அழுத அழுகையில் நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். அதன்பிறகு பல தடவை போனோம்.

ஆவணி பிறந்த பிறகு ஒருநாள், அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தத்துக்கு அவள் துள்ளி எழுந்து அழுதாள். வீட்டுக்காரி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். அன்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். மகள் தேங்காய் உடைகிற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டாள். கோபுர வாசலில் எப்போதும் வீசி அடிக்கிற காற்றுக்கும் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அத எங்கன கொண்டு போனாரு அந்த டாக்டரு?"

"எத?"

"அருவிய."

என்ன சொல்ல? சீழோடு சீழாகப் போய்விட்டது என்று சொல்லவா? அது உன்னுடையதே இல்லை என்று சொல்லவா? "அது நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு, "நல்லா இருந்துச்சுன்னா சொன்னா?" என்று கேட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகள் தானே கிளம்பி என்னோடு தோப்புக்கு வந்தாள். உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள், திறந்தாள். "அப்பா, வண்டி போகுது" என்றாள். கொஞ்ச நேரத்தில், "இந்த மாமா வயிறு கத்துது" என்றாள். தீட்சைக் கட்சிக்காரர் முதலில் சிரிக்க, கூட்டமே சிரித்துக் கலைந்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது அவர் என்னோடு நடந்து வந்தார். மகள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். எங்கே கிளி கத்தினாலும் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"வே, அந்த டாக்டர் பெரியவுகளுக்கும் பாப்பாரோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"எனக்குத்தான். சின்ன வயசுல எனக்கும் காது ஒழுகிச்சு. எங்க அம்மா பூண்டெண்ணெய் விடுவா. மணி அதுக்குப் பொறகுதானா, அதுக்கு முன்னயேவா, இப்ப யோசிச்சா நெனவு வர மாட்டேங்கு."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போகலாம் அண்ணாச்சி என்று சொல்லத் தோன்றியது. வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லவும் அதே அளவு தோன்றியது. அந்த மணியை நம்பித்தானே நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்? அது போய்விட்டால் அவர் எங்கே உட்காருவார், நாங்கள் எங்கே உட்காருவோம்? அதற்காக ஒரு மனுஷனைக் காதுச் சீக்கோடு விடலாமா? என் மகளுக்கு என்றபோது தலையணை இருந்தது, வீட்டுக்காரி இருந்தாள். இவருக்கு என்ன இருக்கிறது, மணியைத் தவிர?

"இப்பவும் கேக்குதா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் நின்று கொஞ்சம் கவனித்தார். "கேக்கு" என்றார்.

மகள் வெகுதூரம் போயிருந்தாள். சத்தம் போடாமல், பேச்சுக்குரலில், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சட்டென்று திரும்பினாள்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல, போ."

அண்ணாச்சி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாங்கள் இருவரும் அவள் பின்னால் நடந்தோம்.