வேலிக்குள் நட்ட பந்தக்கால்

சொர்ணம் என் கொழுந்தன் பெண்சாதி. மாமல்லபுரத்தில் சிற்பப் பாறையை ஒட்டி அவளுக்கு ஓர் ஓலை வீடு. புருஷன் அப்பாசாமி கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. எழுபத்திரண்டில் பாறையைச் சுற்றி அரசாங்கம் கம்பிவேலி போட்டது. வீடு உள்ளே மாட்டிக்கொண்டது. குடியிருக்கலாம், குழி தோண்டக் கூடாது, செங்கல் வைக்கக் கூடாது என்று காகிதத்தில் எழுதி, சொர்ணத்திடம் கைநாட்டு வாங்கினார்கள். ராத்திரியில் ஆள் வந்து பார்க்கும்போது அவள் இல்லையென்றால், வீடு காலி என்று எழுதிப் பிரித்துவிடுவார்கள். பக்கத்து வீடு அப்படித்தான் போனது.

விட்டுவிட்டு வாடி என்று நான் கூப்பிடாத நாளில்லை. வரமாட்டாள். பாறை பார்க்க வருகிற ஜனத்துக்கு நெத்திலி வறுத்து விற்றுத்தான் மகள் ரத்னாவை ஆளாக்கினாள். வெளியே போனால் அந்தப் பிழைப்பு கிடையாது. ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கினவள் இல்லை.

நாலு வருஷம் கழித்து, கோவளத்துச் சின்னராசுவுக்கு ரத்னாவைப் பேசினோம். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். அதற்கு முன்னே பெண் வீட்டு வாசலில் பந்தக்கால் நட வேண்டும். சொர்ணம் கடப்பாரையைத் தூக்கினதும் காவலாளி ரவிச்சந்திரன் ஓடி வந்தான்.

"யக்கா, கீழ வை! ஒரு பிடி மண்ணு எடுத்தாலும் என் வேல பூடும்."

"மூங்கில் நடத்தான் தம்பி. கெணறா வெட்டப் போறேன்?"

"எனக்குத் தெரியுது. மேல கீறவனுக்குத் தெரியணுமே."

சம்பந்தி ஆதியம்மாள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். "பந்தக்கால் இல்லாத வூட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்."

"என் வூட்டாண்ட நட்டுக்கலாம் வா," என்றேன்.

"என் பொண்ணு உன் வூட்லயா பொறந்தா?" என்று சொர்ணம் என்மேலேயே பாய்ந்தாள்.

நானும் விடவில்லை. மாவு இடிக்கிற உரலை உருட்டி வந்து வாசலில் நிறுத்தினேன். "இதுல குழி கீது. நடு."

மூங்கிலை உரலில் இறக்கி, சுற்றிலும் கல் செருகி, ஈரமணலைத் திணித்தோம். மஞ்சள் தடவி மாவிலை கட்டினோம். ஆதியம்மாள் சுற்றி வந்து ஆட்டிப் பார்த்தாள். "கெட்டியாத்தான் கீது," என்றாள். பாறை பார்க்க வந்த துரைசானி ஒருத்தி போட்டோ பிடித்தாள். "நெத்திலி வாங்கினு போகச் சொல்லு அவள," என்றாள் சொர்ணம்.

கல்யாணத்துக்குப் புறப்படுகிற அன்று, "நான் உன் வூட்ல படுத்துக்கறேன், நீ போ," என்றேன்.

"காயிதத்துல கீறது என் கைநாட்டு. உன்னப் பாத்தா காலின்னு எழுதினு பூடுவாங்க."

"பெத்த பொண்ணு கல்யாணம்டி!"

"நாளைக்கு ஒரு கஷ்டம்னா அவ வந்து நிக்க வூடு வாணாமா?"

மகளை வேலிவாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை.

கோவளத்தில் தாய் இடத்தில் நான்தான் நின்றேன். திரும்பி வந்ததும் சொர்ணம் கேட்டாள். "தாலி கட்டும்போது ரத்னா யாரப் பாத்தா?"

"மாப்பிள்ளையத்தான்," என்றேன்.

ரத்னா பார்த்தது பந்தல் வாசலைத்தான்.