குழாயடியில் உதைபட்ட குடம்

கணவர் இறந்தபின் வீட்டில் பேச ஆளில்லாமல் போனது. பக்கத்து வீட்டு ஆசிரியர் விடாமல் கூப்பிட்டதால், ஞாயிறுதோறும் திண்டுக்கல் நூலகத்தில் கூடும் ஊர் வரலாற்றுக் குழுவுக்குப் போனேன். வருகிறவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள். மலைக்கோட்டை, பீரங்கி என்றே பேச்சு ஓடும். நான் வாய் திறப்பதில்லை.

ஒருநாள் ஆசிரியர், "நீங்களும் ஏதாச்சும் சொல்லுங்கம்மா" என்றார்.

"எனக்கு என்ன சரித்திரம் தெரியும்? தண்ணிப் பஞ்சத்துல குழாயடியில நின்னதுதேன் தெரியும்."

அதையே சொல்லச் சொன்னார்கள். விடியுமுன் நான் வரிசையில் வைத்துவிட்டுப் போன குடத்தை திரும்பி வந்த என் கண்ணெதிரே ஒருத்தி எட்டி உதைத்துவிட்டுத் தன் குடத்தை வைத்ததைச் சொன்னேன். இத்தனை வருடம் கழித்தும் கோபம் ஆறியிருக்கவில்லை.

கடைசி நாற்காலியிலிருந்த அம்மாள் மெல்லக் கேட்டார். "தபாலாபீஸ் பின்னாடி இருந்த குழாயா?"

"ஆமா."

"ஒதைச்சது நாந்தேன். ஆனா அன்னைக்கு முறை என்னோடது."

உற்றுப் பார்த்தேன். நரைக்கும் கண்ணாடிக்கும் பின்னால் அதே முகம்தான்.

நூலகத்தைப் பூட்டும்வரை சண்டை போட்டோம். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தும் தீரவில்லை. வீட்டுக்கு வந்தபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. கடைசியாக எப்போது அவ்வளவு பேசினேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு சீக்கிரமே போனேன். பக்கத்து நாற்காலியில் பையை வைத்து அந்த அம்மாளுக்கு இடம் போட்டேன்.