நின்றுபோன விசிறி

நான் போன விமானத்தின் எஞ்சின் ஒன்று நடுவானில் நின்றுபோனது என்று அருப்புக்கோட்டையில் நான் சொன்னது பொய். தெரியாமல் சொன்னதும் அல்ல. முப்பது வருடம் இயற்பியல் நடத்தி, ஆய்வகத்தில் அளவை மாற்றி எழுதிய மாணவர்களை வெளியே நிறுத்தியவன், தெரிந்தேதான் சொன்னேன்.

நடந்தது இவ்வளவுதான். மதுரையிலிருந்து சென்னைக்கு முதன்முறையாகப் பறந்தேன். இறக்கைக்கு ஒன்றாக விசிறி வைத்த சின்ன விமானம். தரையிறங்கி, நிற்கும் இடத்தை நோக்கி உருண்டுகொண்டிருந்தபோது என் ஜன்னல் பக்கத்து விசிறி மெல்ல ஓய்ந்து நின்றது. விமானம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இறங்கும்போது பணிப்பெண்ணிடம் கேட்டேன்.

“தரையில உருள்றதுக்கு ஒரு எஞ்சினே போதும் சார். ரெண்டும் ஓடுனா தேவைக்கு மேல தள்ளும், பைலட் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கணும். ஒண்ணை அணைச்சா எரிபொருளும் மிச்சம்.”

அழகான விளக்கம். என் வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

ஆனால் ஊர் வந்து டீக்கடையில் “பிளேனு எப்படி சார் இருந்துச்சு?” என்று கேட்டபோது அந்த விளக்கம் சப்பென்று இருந்தது. “ஒரு எஞ்சின் நின்னுருச்சுப்பா” என்றேன். அதுவரை உண்மை.

“மேலயா சார்?” என்றார் பந்தல்குடி விவசாயி ஒருவர்.

“மேலதான்.”

“ஆத்தி! நம்ம கெணத்து மோட்டார்ல ஒரு பேஸு கரண்டு போனாலே காயிலு புகைஞ்சிருது. அவுக எப்படி சார் எறக்குனாக?”

மீதியை அவர்களே கட்டிக்கொண்டார்கள். கதை திருச்சுழி போய்ச் சேர்வதற்குள் அதில் புகையும் வந்துவிட்டது.

திருச்சுழிப் பக்கம்தான் என் அக்கா இருக்கிறாள். அவள் மகளுக்கு ஐதராபாத்தில் தலைப்பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அக்கா அங்கே போக விமான டிக்கெட் எடுத்திருந்தார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பதை நாங்கள் சேனை என்போம். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அதைத் தன் கையால்தான் வைக்க வேண்டும் என்று அக்கா மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் போன் செய்தாள். “நெசமாடா தம்பி?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீக்கடையில் என் மரியாதை என்ன ஆவது? “ஆமாக்கா” என்றேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ரயில் ஏறினாள். ரயில் பாதி வழியில் இருக்கும்போது குழந்தை பிறந்துவிட்டது. சேனை வைத்தது பக்கத்து வீட்டு அம்மாள்.

அக்கா ஊர் திரும்பியதும் நேரில் போய் உண்மையைச் சொன்னேன். மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “கடையில உக்காந்திருக்கவுகளுக்குச் சொன்னே, சரி. எனக்குமாடா?”

டீக்கடையிலும் ஒப்புக்கொண்டேன். ஒருவரும் நம்பவில்லை. “கம்பெனிக்காரன் சார் வாயை அடைச்சிட்டான்” என்றார் பந்தல்குடிக்காரர், மிகுந்த பரிவோடு.

மகளின் இரண்டாவது பிரசவத்துக்கு அக்காவிடம் கெஞ்சி, நானே விமானத்தில் கூட்டிப்போனேன். ஐதராபாத்தில் இறங்கி உருளும்போது ஜன்னலுக்கு வெளியே விசிறி நின்றது. அக்கா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பிரேக், எரிபொருள் எல்லாவற்றையும் விளக்கினேன்.

“இம்புட்டுத்தானா? இதுக்காடா என்னைய ரயில்ல போட்டே?”

இந்த முறை நேரத்துக்குப் போய்விட்டோம். சேனையை அக்காவே வைத்தாள். மகள் படுத்தபடியே, “மாமாவும் ஒரு சொட்டு வைக்கட்டும்மா” என்றாள்.

அக்கா கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டாள். “அவன் வேணாம்டி. அந்தப் புத்தி குடும்பத்துல ஒரு ஆளுக்கு இருக்கது போதும்.”

பிறகு கிண்ணத்தை என்னிடம் கழுவக் கொடுத்தாள். கழுவி வைத்தேன்.