குருசாமி எண்ணிய முப்பது

செய்தி வந்தபோது ஜனக்புரி வீட்டு வாசலில் தண்ணீர் கேனைத் தூக்க முடியாமல் நின்றிருந்தேன். எங்கள் வாலிபால் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒற்றை வரி: குருசாமி காலமானார், மாரடைப்பு. கேனை அப்படியே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். அழக்கூடத் தெம்பில்லை. குழுவில் யார் போனாலும் இரங்கல் எழுத என்னைத்தான் சொல்வார்கள். எழுதி எழுதிச் சலித்துவிட்டது. இந்த முறை என் பொய் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். குருசாமி திருநெல்வேலிக்காரர், மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தவர். ஞாயிறு காலைகளில் பூங்கா மைதானத்தில் நாங்கள் ஆடிய வாலிபாலுக்குத் தாமே கேப்டன் ஆகிக்கொண்டவர். வலையைக் கட்டியதும் எல்லோரையும் வட்டமாக நிறுத்துவார். ஒரு காலை நீட்டி, குனிந்து, கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அவர் முப்பது வரை எண்ணுவார். எண்ணத் தொடங்கிய பிறகு வருகிறவருக்கு முதல் செட்டில் இடமில்லை. பூங்காக் காவலாளிக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'முப்பது'தான். "முப்பது ஹோ கயா, சாப்!" என்று, முப்பது ஆகிவிட்டதாகக் கத்துவார்.

"சும்மா இரும்வே, இடது காலு பாக்கி இருக்கு" என்பார் குருசாமி. எங்களிடம், "இப்படி இழுத்து நின்னா தசை கிழியாது, நான் கேரண்டி" என்பார்.

ஒரு ஞாயிறு கரோல் பாக் குழு ஆட வந்தது. முப்பதையும் ஒழுங்காகவே நின்றேன். இரண்டாம் செட்டில் ஒரு பந்துக்கு எகிறினேன். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்தது. இடது கெண்டைக்கால் தசை கிழிந்துவிட்டது. ஆட்டோவில் என்னைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் குருசாமி. வழியெல்லாம், "உங்க கேரண்டி என்ன ஆச்சு சார்?" என்று அவரைக் குதறினேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தார். "வே, பிசியோகிட்ட கேட்டேன். நின்ன எடத்துல இழுக்கதால மட்டும் அடிபடாதுன்னு சொல்ல முடியாதாம். மெல்ல ஓடி, உடம்பச் சூடாக்கிட்டு ஆடணுமாம். இத்தன வருசமா தப்பா எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். மன்னிச்சிக்கிடும்."

அதையே குழுவின் முன்பும் சொன்னார். அதன்பின் மைதானத்தை மெதுவாக இரண்டு சுற்று, எண்ணிக்கை கிடையாது.

அந்த மன்னிப்பை நான் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். உண்மை இதுதான்: அந்த ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பே பஸ்ஸுக்கு ஓடியபோது அந்தக் கால் பிடித்துக்கொண்டது. சொன்னால் உட்கார வைத்துவிடுவார் என்று தைலம் தேய்த்து மறைத்துக்கொண்டு ஆடினேன். அவர் இருந்தவரை இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் அவர் மனைவியிடம் சொன்னேன்.

"அவுகளுக்குத் தெரியும்ண்ணே" என்றார் அந்த அம்மாள். "வட்டத்துல நிக்கயிலேயே தைல வாசன அடிச்சுதாம். உங்கள உக்கார வச்சா அஞ்சு பேருதான், ஆட்டம் நின்னுபோகும்னு வாயத் தொறக்கலயாம். கடைசி வரைக்கும் அதச் சொல்லி மருகிக்கிட்டே இருந்தாக."

இத்தனை வருடம் ஞாயிறுதோறும் சேர்ந்து டீ குடித்தோமே, இரண்டு பேரில் ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா? நினைக்கவே அலுப்பாக இருக்கிறது.

இன்று ஞாயிறு. அவர் நினைவாக ஒரு ஆட்டம் ஆடலாம் என்று ஆறு பேர் வந்தார்கள். எதிர்க்குழுவும் வந்துவிட்டது. நான் ஆடி வருடங்களாகின்றன. என்னை வெளியே நின்று கேப்டனாக இருக்கச் சொன்னார்கள். அவர்கள் இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்தபோது, வங்கியில் வேலை பார்க்கும் பாலுவின் மேல் தைலம் மணத்தது.

"பாலு, நீங்க உக்காருங்க."

"ஐயோ சார், தோள்ல லேசான பிடிப்புதான். நான் உக்காந்தா அஞ்சு பேர்தானே இருக்கோம்?"

"அச்சா. அஞ்சு பேர்தான்."

வலையை அவிழ்த்துச் சுருட்டினோம். போய் வாரும், குருசாமி. இன்று ஆட்டம் இல்லை.